பனிநீர் ஓடைப் பூச்சிகள் குளிரிலேயே வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை உருவாக்குவது ஏன்?

திருமலை உயிரியல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை. காலநிலை மாற்றம் உயிரினங்களைப் பாதிக்கும் விதத்தை விளக்கும்போது, குளிர்ந்த மலை ஓடைகளில் வாழும் நீர்ப்பூச்சிகளை எடுத்துக்காட்டாகக் கூறுவது என் வழக்கம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள கிளேசியர் தேசியப் பூங்காவிலும் அதனை அண்டிய மலைகளிலும், பனிக்கட்டியாறும் உறைபனியும் உருகி வழியும் ஓடைகளின் தலைப்பகுதியில் வாழும் லெட்னியா டுமானா என்ற கல் ஈ, 2019 நவம்பரில் அந்நாட்டின் அருகிவரும் உயிரினங்களுக்கான சட்டத்தின் கீழ் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலிடப்பட்டது. பனி குறைகிறது, ஓடை சூடாகிறது, பூச்சி மடிகிறது என்று மூன்று படிகளில் அதனைச் சொல்லி முடித்துவிடலாம். பாடக்குறிப்பும் அப்படித்தான் அமைந்திருந்தது.

இம்முறை மாணவி ஒருவர் அந்தக் கல் ஈ பற்றி 2020 இல் வெளியான ஆய்வொன்றின் சுருக்கத்தை வாசித்துவிட்டு வந்து இரண்டு கேள்விகளைக் கேட்டார். அந்த ஆய்வில், இப்பூச்சிகளின் அணங்குகள் (நீரில் வாழும் இளம்பருவம்) 20 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பநிலை வரை தாக்குப்பிடித்தன. அவை வாழும் ஓடைகளோ 10 பாகைக்கும் குறைந்தவை. அப்படியானால் ஓடை இரண்டு மூன்று பாகை சூடாவதால் அவை ஏன் மறைய வேண்டும் என்பது முதற் கேள்வி. அதே ஆய்வில், இப்பூச்சிகள் தம் இயல்பான குளிர்நீரில் இருக்கும்போதே வெப்ப அதிர்ச்சிப் புரதங்களுக்கான மரபணுக்களை இயக்கிக்கொண்டிருந்தன. சூடே இல்லாத இடத்தில் சூட்டுக்கான காப்பு எதற்கு என்பது இரண்டாவது கேள்வி.

இரண்டுமே நல்ல கேள்விகள். அரைகுறையாக விடை சொல்லி அந்தப் பிள்ளையை அனுப்ப எனக்கு மனமில்லை. கூடவே என்னுடைய கேள்வி ஒன்றும் உண்டு. மகாவலி எங்கள் கொட்டியாரக்குடாவில் கடலோடு கலக்கிறது. அதன் தலை ஓடைகளிற் சில ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்துக் குளிரில் பிறக்கின்றன. பனிக்கட்டியாறு என்பதே இல்லாத நம் மலைநாட்டு ஓடைகளுக்கு இந்த ஆய்வுகளில் எவ்வளவு பொருந்தும்? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் மாணவர்களுக்குப் பெரிதும் உதவியாக இருக்கும்.

புரதமடிப்பு எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் உயிரிரசாயனம் படித்தவன். ஆகவே இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை கிடைத்தால் முதற் கேள்வியின் பாதி தானாகவே தெளிவாகும்.

1962 இல் இத்தாலிய விஞ்ஞானி பெருச்சியோ ரிற்றோசா, பழ ஈயின் குடம்பிகள் இயல்புக்கு மேற்பட்ட வெப்பநிலைக்கு உட்பட்டபோது அவற்றின் உமிழ்நீர்ச் சுரப்பி நிறமூர்த்தங்களில் குறிப்பிட்ட சில இடங்கள் புதிதாகப் புடைப்பதைக் கண்டறிந்தார். அந்தப் புடைப்புகள் மரபணுக்கள் முழு வேகத்தில் இயங்குவதன் அடையாளம். அம்மரபணுக்களிலிருந்து உருவாகும் புரதங்கள் எவை என்பது பின்னர் 1974 இல் தெரியவந்தது. அதன் பிறகு பல உயிரினங்களில் ஆராய்ந்து பார்த்தபோது, அதே புரதங்களை வெப்பம் மட்டுமன்றி ஒட்சிசன் குறைவு, பார உலோகங்கள், உடல் வறட்சி, கடுங்குளிர் ஆகியனவும் தூண்டுவது புலப்பட்டது. இவை அனைத்துக்கும் பொதுவானது ஒன்றே: கலத்துக்குள் புரதங்கள் தம் சரியான மடிப்பை இழக்கின்றன.

ஒரு புரதம் பணி செய்வது அதன் மடிந்த வடிவத்தால்தான். வடிவம் குலையும்போது, உள்ளே மறைந்திருக்க வேண்டிய நீர்வெறுப்புப் பகுதிகள் வெளியே தெரிகின்றன. அப்படித் தெரியும் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பயனற்ற திரளாகிவிடுகின்றன. எச்.எஸ்.பி. 70 போன்ற வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் அந்த வெளித்தெரியும் பகுதிகளைப் பற்றிப்பிடித்து, திரளாமல் காத்து, மீண்டும் மடிவதற்கு அவகாசம் கொடுக்கின்றன. ஒவ்வொரு முறை பற்றி விடுவதற்கும், கலத்தின் சக்தி நாணயமான ஏ.ரி.பி. செலவாகிறது என்பதை மாணவர்கள் மறக்கக்கூடாது. இது இலவசமாகக் கிடைக்கும் காப்பு அன்று.

இனி, குளிரில் இது எதற்கு என்பதைப் பார்ப்போம். புரதத்தின் நீர்வெறுப்புப் பகுதிகளை உள்ளே ஒன்றுசேர்த்து வைத்திருக்கும் விசை, வெப்பநிலை தாழும்போது வலுவிழக்கிறது. ஆகவே சூட்டில் மட்டுமன்றிப் பூச்சியத்தை அண்டிய குளிரிலும் சில புரதங்கள் நெகிழ்ந்து குலைகின்றன. புதிதாக உருவாகும் புரதங்களும் மெதுவாகவே மடிகின்றன. கல மென்சவ்வுகள் விறைக்கின்றன. பனிநீர் ஓடையில் வாழும் அணங்குக்கு இது ஒரு நாள் வந்து போகும் இடர் அன்று. வாழ்நாளின் பெரும்பகுதி அப்படித்தான் கழிகிறது. நீர் கசியும் தோணியில் போகிறவர் அலை எழும்போது மட்டும் நீரை இறைத்தாற் போதாது. கடல் அமைதியாக இருக்கும்போதும் இறைத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். குளிர்நீர்ப் பூச்சியின் கலங்களும் அவ்வாறே இடைவிடாமல் இயங்க வேண்டியுள்ளன என்பது என் புரிதல்.

இதற்கு வேறு உயிரினங்களிலும் இணையான சான்றுகள் உண்டு. அந்தாட்டிக்காவில் மட்டுமே வாழும் சிறகற்ற சிறு ஈயான பெல்ஜிகா அந்தாட்டிக்காவின் குடம்பிகள், நிலத்தில் ஈரப்பதனுக்கும் பனிக்கும் இடையில் இரண்டு ஆண்டுகளைக் கழிக்கின்றன. அவை வெப்ப அதிர்ச்சிப் புரத மரபணுக்களை எந்நேரமும் இயக்கிக்கொண்டிருக்கின்றன. அதே இனத்தின் நிறைவுடலியோ (முழு வளர்ச்சியடைந்த பூச்சி) கோடையின் இதமான சில நாட்கள் மட்டுமே வாழ்கிறது. அதில் அம்மரபணுக்கள் அடங்கியிருந்து, இடர் வரும்போது மட்டும் தூண்டப்படுகின்றன. ஒரே மரபணுத் தொகுதி, இரண்டு வாழ்க்கைப் பருவங்கள், இரண்டு வகையான இயக்கம். மாணவர்களுக்குச் சொல்ல இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அந்தாட்டிக்கக் கடலில் −1.9 பாகையை ஒட்டிய நீரில் வாழும் திரெமட்டோமஸ் பெர்னாக்கை என்ற மீன் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது: அதன் கலங்களில் எச்.எஸ்.பி. 70 எப்போதும் இருக்கிறது, ஆனால் சூடேற்றினால் அதன் அளவு கூடுவதில்லை. நிலையான குளிரில் நெடுங்காலம் வாழ்ந்ததில், திடீர் வெப்பத்துக்குத் துலங்கும் ஆற்றலை அம்மீன் இழந்துவிட்டது.

மாணவி வாசித்த ஆய்வின் ரொக்கி மலைக் கல் ஈக்கள் அந்த மீனைப் போன்றவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அவற்றைச் சூடேற்றியபோது கல அளவில் துலங்கல் தென்பட்டது. அதாவது, அவற்றிடம் எப்போதும் இயங்கும் அடிப்படைக் காப்பும் உண்டு, தேவைப்படும்போது கூட்டும் வல்லமையும் உண்டு.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்த ஆய்வு அளந்தது மரபணுவின் செய்தியான ஆர்.என்.ஏ.யை, கலத்தில் உள்ள புரதத்தின் அளவை நேரடியாக அளக்கவில்லை. செய்தி மிகுதியாக இருந்தால் புரதமும் மிகுதி என்று பெரும்பாலும் கொள்ளலாம், எப்போதும் கொள்ள இயலாது. தவிர, குளிரே இப்பூச்சிகளுக்கு இடராக இருக்கிறது என்ற விளக்கத்தை நான் ஏற்கிறேன் என்றாலும், இவற்றின் மூதாதையர் வெப்பநிலை பெரிதும் ஏறி இறங்கும் நீர்களில் வாழ்ந்ததன் எச்சமாக இந்த இயல்பு தொடர்கிறது என்று ஒருவர் வாதிட்டால், அதை முற்றாக மறுக்கும் தரவு அந்த ஆய்வில் இல்லை. விடைத்தாளில் ஒரே காரணத்தை எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு இந்த இடத்தை நின்று விளக்குவது நல்லது.

நானுஓயாக்காரன் எழுதியது:

ஆசிரியை அவர்களே, நான் மலைநாட்டில் பிறந்து வளர்ந்து, தொழில் நிமித்தம் இப்போது கிண்ணியாவில் வசிப்பவன். நீரின் தரத்தை நீர்ப்பூச்சிகளைக் கொண்டு மதிப்பிடும் களப்பணியில் பல காலம் ஈடுபட்டிருந்தேன். முதற் கேள்விக்கு என்னால் இயன்ற விடையை எழுதுகிறேன்.

20 பாகைக்கு மேல் என்ற அந்த எண் எப்படிப் பெறப்படுகிறது என்பதை முதலில் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அணங்குகளை நீரில் வைத்து, வெப்பநிலையைச் சீராக, ஒரு மணித்தியாலம் அல்லது சில மணித்தியாலங்களுக்குள் உயர்த்திக்கொண்டே போவார்கள். எந்த வெப்பநிலையில் பூச்சி பிடி தளர்ந்து, புரட்டிவிட்டால் நிமிர இயலாத நிலைக்கு வருகிறதோ, அதுவே உச்ச வெப்ப எல்லை. ஒரு பூச்சி சில நிமிடங்கள் எதைத் தாங்கும் என்பதை அந்த எண் சரியாகச் சொல்கிறது. ஆறு வாரம் எதைத் தாங்கும், அந்த ஆறு வாரமும் எவ்வளவு வளரும், எத்தனை முட்டை இடும் என்பவற்றை அது சொல்வதில்லை. அந்த ஆய்வாளர்களே, குறுகிய காலச் சூடு இவற்றை நேரடியாகக் கொல்லாமல் இருக்கலாம், நீண்டகால உடற்றொழில் விளைவுகளும் பிற இனங்களுடனான போட்டியும் இவற்றின் மறைவுக்குக் கூடிய பொருத்தமான விளக்கமாக இருக்கலாம் என்ற முடிவுக்குத்தான் வந்தார்கள்.

நீண்டகால விளைவு என்பதை ஒட்சிசனிலிருந்து தொடங்கினால் எளிதில் விளங்கும். கடல் மட்டத்தில், வளியுடன் நன்கு கலந்த தூய நீர் ஓர் இலீற்றரில் 0 பாகையில் 14.6 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொண்டிருக்கும். 10 பாகையில் அது 11.3, 20 பாகையில் 9.1, 30 பாகையில் ஏறத்தாழ 7.6. மறுபுறம், குளிர் இரத்த உயிரினங்களின் அனுசேப வீதம் (உடல் சக்தியைச் செலவிடும் வேகம்) 10 பாகை ஏற்றத்துக்கு ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. தேவை ஏறுகிறது, இருப்பு இறங்குகிறது. சூடான நீரில் ஒட்சிசன் விரைவாகப் பரவுவதால் இந்த நெருக்கடி ஓரளவு தணியும் என்பதும் உண்மை. ஆனால் தேவை ஏறும் வேகத்துக்கு அது ஈடாவதில்லை.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஓடையிலிருந்து எடுத்த கல் ஈ அணங்கை வெள்ளைத் தட்டில் சிறிது நீர் விட்டு வைத்தால், முதலில் அது மூலையைத் தேடி ஓடி, ஒரு கல்லையோ இலைத்துண்டையோ பற்றிக்கொண்டு அசையாமல் இருக்கும். நீர் தேங்கி, வெயிலில் இளஞ்சூடாகும்போது, ஆறு கால்களையும் ஊன்றி உடலை மேலும் கீழும் தூக்கித் தாழ்த்தத் தொடங்கும். மார்பின் பக்கங்களிலும் கால்களின் அடியிலும் உள்ள நூல் போன்ற பூக்களின் (நீரில் சுவாசிக்க உதவும் செவுள்களின்) மீது புதிய நீர் படுவதற்காகவே அந்த அசைவு; நீர் மேலும் சூடானால் அசைவின் வேகமும் கூடும். மே ஈ அணங்குகளில் பல வயிற்றின் இரு பக்கமும் உள்ள தகடு போன்ற பூக்களை விசிறிபோல் அடித்து நீரை ஓட்டும். ஆனால் வேகமான ஓட்டத்துக்கே பழகிய சில இனங்களுக்கு அந்த ஆற்றல் இல்லை, அல்லது மிகக் குறைவு. அவற்றுக்கு ஓடும் நீரே மூச்சு. தட்டில் முதலில் சோர்ந்து போவனவும் அவையே. கூட்டுக்குள் வாழும் கடிஸ் ஈக் குடம்பி வயிற்றை நெளித்து நெளித்துக் கூட்டினூடாக நீரை இழுக்கிறது. இவை எல்லாமே சக்தியைச் செலவழித்துச் செய்யும் வேலைகள் என்பதைக் கவனியுங்கள். மேலே நண்பர் சொன்ன புரதக் காப்பின் செலவும் இதனுடன் சேர்கிறது.

அந்தச் செலவு வளர்ச்சியிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும். 1978 இல் சுவீனி, வனோட் ஆகிய இருவரும் முன்வைத்த கருத்து இங்கே மிகவும் உதவும். ஒவ்வோர் இனத்துக்கும் பொருத்தமான ஒரு வெப்பநிலை வீச்சு உண்டு. அதைவிட நீர் சூடானாலும் குளிர்ந்தாலும் நிறைவுடலி சிறியதாகிறது, பெண் பூச்சி இடும் முட்டைகளின் தொகை குறைகிறது என்பது அக்கருத்து. சூடான நீரில் அணங்கு விரைவாக முதிர்ந்து, போதிய அளவு வளர்வதற்கு முன்பே சிறகு முளைத்து வெளியேறிவிடுகிறது. ஒரு பூச்சியும் ஓடையில் செத்து மிதக்காது. ஆனால் தலைமுறைக்குத் தலைமுறை முட்டைகள் குறையும். கீழிருந்து மேலேறி வரும், இளஞ்சூட்டில் நன்கு வளரும் இனங்கள் அதே கற்களையும் அதே பாசியையும் பிடித்துக்கொள்ளும். ஓடை சூடாகிறது, பூச்சி மடிகிறது என்ற இரண்டு படிகளுக்கு நடுவே இவ்வளவும் இருக்கிறது. என் அனுபவத்தில், ஓடையொன்றில் ஓர் இனம் இல்லாமற்போனதைப் பின்னர்தான் உணர்ந்திருக்கிறோம். அது மறையும்போது கண்ணுக்குத் தெரிந்ததில்லை.

மலை ஓடைகளுக்கே உரிய இன்னொரு விடயத்தையும் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த மலை ஓடையில் ஒட்சிசன் தாராளமாக இருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உயரம் கூடும்போது வளியமுக்கம் குறைவதால், நீரில் கரையும் ஒட்சிசனும் குறைகிறது. 2100 மீற்றர் உயரத்தில் அமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதன் ஏறத்தாழ 78 வீதம் மட்டுமே. ஆகவே ஹோர்ட்டன் சமவெளி உயரத்தில் 12 பாகையில் ஓடும் நீர் கொள்ளக்கூடிய ஒட்சிசன், உங்கள் ஊர்க் கடல் மட்டத்தில் 24 அல்லது 25 பாகையில் உள்ள நன்னீர் கொள்ளும் அளவுக்குச் சமமாகவே இருக்கும். அங்குள்ள பூச்சிகளைக் காப்பது குளிர் என்பதைவிட, குளிரால் தாழ்ந்திருக்கும் அவற்றின் தேவையே என்பேன்.

திருமலை உயிரியல் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. உயரத்தால் ஒட்சிசன் குறையும் கணக்கை இன்றே வகுப்பில் செய்து பார்க்கச் சொல்லப்போகிறேன்; அமுக்கத்தையும் கரைதிறனையும் அவர்கள் இரசாயனவியலில் ஏற்கெனவே படித்தவர்கள்.

இன்னும் ஒரு சிறு கேள்வி. குளிரே இடர் என்றால், ஓடை உறையும்போது இவை என்ன செய்கின்றன? அதன் பிறகு, நம் நாட்டு ஓடைகள் பற்றி யாராவது எழுதினால் மகிழ்வேன்.

புரதமடிப்பு எழுதியது:

உறைதல் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓடும் நீரின் மேற்பரப்பு உறைந்தாலும், அடியில் நீர் பூச்சியத்தை ஒட்டியே ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே நீருக்குள் இருக்கும் அணங்குக்கு வளியில் இருக்கும் பூச்சியைவிட ஆபத்து குறைவு. அடிக்கற்களின் மீதே பனிக்கட்டி படரும் இடங்களில்தான் உண்மையான ஆபத்து. பல இனங்கள் அப்போது சரளைக்கற்களின் இடுக்குகளூடாக ஆழத்துக்கு இறங்கிவிடுகின்றன. அங்கே நிலத்தடி நீர் கலப்பதால் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. கோடைச் சூட்டிலும் அதே இடமே அவற்றுக்குப் புகலிடம் என்பது குறிப்பிடத்தக்கது. சில இனங்கள் கடினமான பருவத்தை முட்டையாகவே உறங்கிக் கழிக்கின்றன.

நீரை விட்டு வெளியேறும் நிறைவுடலிகளில் வியப்பூட்டுவது டயமீசா என்ற சாதியை (பேரினத்தை) சேர்ந்த கடிக்காத சிறுகொசு. அமெரிக்காவின் மினசோட்டாவில் நடுக்குளிர்காலத்தில், நிலத்தடி நீர் ஊறுவதால் உறையாத ஓடைகளிலிருந்து வெளிவந்து, பனியின் மீது நடந்து இணை தேடும் டயமீசா மெண்டோட்டேயின் உடல்நீர் ஏறத்தாழ −20 பாகை வரை உறையாமல் நீர்மமாகவே இருக்கும். பனிக்கட்டியாற்றின் வாயிலில், நீர் 2 பாகையைத் தாண்டாத பகுதியில் முதலில் குடியேறுவனவும் பெரும்பாலும் இச்சாதியினவே.

மூதூர்க் கரை எழுதியது:

வணக்கம். இலங்கை தொடர்பான பகுதிக்கு நான் எழுதுகிறேன். விலங்கியல் படித்தவன், ஆற்றுச் சூழலியலில் ஆர்வம் உண்டு.

1967 இல் டானியல் ஜான்சன் என்ற சூழலியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். அயனமண்டலத்தில் ஆண்டு முழுவதும் ஒவ்வோர் உயரத்திலும் வெப்பநிலை ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். மலையடிவாரத்தின் மிகக் குளிர்ந்த நாளும் மலையுச்சியின் மிகச் சூடான நாளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆகவே அங்குள்ள உயிரினங்கள் குறுகிய வெப்பநிலை வீச்சுக்கே இசைந்து விடுகின்றன. அவற்றுக்கு மலை கடத்தற்கு அரிய தடையாகிறது. குளிர்காலமும் கோடையும் மாறி மாறி வரும் நாடுகளில், அதே உயரத்தில் வாழும் உயிரினம் ஆண்டுக்குள்ளேயே பெரும் வெப்பநிலை வேறுபாட்டைச் சந்திப்பதால், அகன்ற வீச்சைத் தாங்கப் பழகிவிடுகிறது.

இக்கருத்தை ஓடைப்பூச்சிகளைக் கொண்டே சோதித்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். கொலராடோவின் ரொக்கி மலைகளிலும் ஈக்குவடோரின் அந்தீஸ் மலைகளிலும் உள்ள ஓடைகளில் மே ஈக்களையும் கல் ஈக்களையும் கடிஸ் ஈக்களையும் ஒப்பிட்டு 2017, 2018 ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள், அயனமண்டலப் பூச்சிகளின் தாங்கும் வீச்சு குறுகியது என்பதையும், அவை ஓர் உயரத்திலிருந்து இன்னோர் உயரத்துக்கு அதிகம் பரவுவதில்லை என்பதையும் காட்டின. வெளித்தோற்றத்தில் ஒரே இனம் போலத் தெரிந்தவை மரபணு அளவில் உயரத்துக்கு உயரம் பிரிந்திருந்ததும் தெரியவந்தது.

இனி நம் மலைநாட்டைப் பாருங்கள். இங்கே உறைபனி உருகி ஓடும் ஓடை இல்லை. நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் சனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லின் மீது பனி உறைவதோடு சரி. ரொக்கி மலைகளைப் போல் 10 பாகைக்கும் 20 பாகைக்கும் இடையிலான பெரிய இடைவெளி நம் பூச்சிகளுக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்வது ஆபத்தானது. ஈக்குவடோர் முடிவுகளை வைத்துப் பார்த்தால், நம் ஓடைப்பூச்சிகளுக்கு அந்த இடைவெளி குறுகலாக இருக்கவே வாய்ப்புண்டு.

அதைவிட என்னை உறுத்துவது இடம். வளியின் வெப்பநிலை ஒவ்வொரு கிலோமீற்றர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 6.5 பாகை குறைகிறது என்று கொண்டால், 2 பாகை வெப்பமேற்றம் என்பது பழைய குளிரைத் தேடி ஏறக்குறைய 300 மீற்றர் மேலே போக வேண்டும் என்று பொருள். ஹோர்ட்டன் சமவெளி 2100 மீற்றருக்குச் சற்று மேலே இருக்கிறது. அதன் விளிம்பிலுள்ள கிரிகல்பொத்த 2395 மீற்றர். நாட்டின் மிக உயரமான பீதுருதாலகால 2524 மீற்றர். அவ்வளவுதான் நம்மிடம் உள்ள உயரம். அங்கும் ஓர் ஓடை ஓடவேண்டுமானால் அதற்கு மேலே நீர் பிடிக்கும் நிலப்பரப்பு வேண்டும். சிகரத்தின் நுனியில் ஓடை பிறப்பதில்லை. ஆகவே பூச்சி ஏறலாம், ஆனால் ஏறிப்போய் இருக்க ஓடை இல்லை. அயல்நாட்டுப் பனிக்கட்டியாறுகளைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் இதைப் பற்றிப் பேசாமல் இருப்பது சரியல்ல என்று நினைக்கிறேன்.

வெப்பநிலை காலநிலையால் மட்டும் மாறுவதில்லை என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். கரையோர மரங்களை அகற்றினால், நேரடி வெயில் பட்டு, சிற்றோடையின் நண்பகல் வெப்பநிலை சில பாகைகள் ஏறிவிடும். தேயிலைக்காக வெட்டப்பட்ட சரிவுகளில் ஓடைக்கரை நிழலை மீட்டெடுப்பது, நம் கைக்கு எட்டக்கூடிய மிகப் பயனுள்ள வேலைகளில் ஒன்று. அணைகளும் ஆற்றின் வெப்பநிலையை மாற்றுகின்றன. கனடாவின் சஸ்காச்சுவான் ஆற்றில், நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து விடப்பட்ட நீர் குளிர்காலத்தில் இயல்பைவிடச் சூடாகவும் கோடையில் இயல்பைவிடக் குளிராகவும் இருந்ததால், அணைக்குக் கீழே மே ஈக்கள் உட்பட ஆற்றடிப் பூச்சிகள் பெருமளவில் அற்றுப்போனதை 1972 இல் வெளியான ஆய்வொன்று விவரித்தது. முட்டை பொரிப்பதற்கும் அணங்கு வளர்வதற்கும் வேண்டிய குளிரும் சூடும் உரிய பருவத்தில் கிடைக்கவில்லை. 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக்குடாவுக்கு வரும் மகாவலியும் கொத்மலை, விக்ரோறியா, ரந்தெனிகல, ரந்தம்பே என்று அணைக்குப் பின் அணையாகக் கடந்து வருகிறது. நம் கரையில் நின்று பார்க்கும் ஆறு, மலையில் பிறந்தபோது இருந்த வெப்பநிலை ஒழுங்கைப் பல இடங்களில் இழந்த ஆறு.

திருமலை உயிரியல் எழுதியது:

மூதூர்க் கரை ஐயாவுக்கு நன்றி. ஏறிப்போய் இருக்க ஓடை இல்லை என்ற விளக்கத்தை அந்த மாணவிக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். அவர் உடனே நில அளவைப் படத்தை எடுத்துக்கொண்டு 2400 மீற்றருக்கு மேல் எத்தனை ஓடைகள் தொடங்குகின்றன என்று தேடத் தொடங்கிவிட்டார்.

மலைநாட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது இப்போதைக்கு இயலாது. இங்கேயே செய்யக்கூடிய செய்முறை ஏதும் உண்டா? கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் அருகில் இருப்பதால், அவற்றின் நீரையும் ஒரு குளத்து நீரையும் ஒப்பிட்டு ஒட்சிசனை அளக்கலாமா என்று யோசித்தேன்.

நானுஓயாக்காரன் எழுதியது:

கன்னியா நீரை எடுத்தால் ஒப்பீடு பிழைக்கும், ஆசிரியை அவர்களே. அது நிலத்தடியிலிருந்து ஊறி வரும் நீர். நீண்ட காலம் வளியின் தொடர்பே இல்லாமல் இருந்திருக்கலாம். அதில் ஒட்சிசன் குறைவாகக் கண்டால், சூடு காரணமா, நிலத்தடியில் இருந்தது காரணமா என்று பிரித்தறிய முடியாது. குளத்து நீரில் பாசி இருப்பதால், பகலில் ஒட்சிசன் மிகுந்தும் விடியலில் குறைந்தும் காணப்படும், அதுவும் உதவாது.

ஒரே கிணற்று நீரை எடுத்து மூன்று பாத்திரங்களில் ஊற்றுங்கள். ஒன்றைப் பனிக்கட்டித் தொட்டியில் வைத்து 10 பாகைக்குக் கொண்டுவாருங்கள், ஒன்றை அறை வெப்பநிலையில் விடுங்கள், மற்றதை 40 பாகைக்குச் சூடாக்குங்கள். மீன் தொட்டிக்குப் பயன்படும் வளிப்பம்பியால் மூன்றிலும் அரை மணித்தியாலம் வளியைச் செலுத்தியபடி வெப்பநிலை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு உயர்தர இரசாயனவியற் செய்முறையில் வரும் விங்க்லர் முறையால் மூன்றிலும் கரைந்துள்ள ஒட்சிசனை அளவிடலாம். கடல் மட்டத்தில் இருப்பது உங்களுக்கு வசதி. அமுக்கத் திருத்தம் தேவைப்படாது, நான் மேலே கொடுத்த எண்களோடு நேரடியாக ஒப்பிடலாம்.

ஒரே ஒரு கவனம். மாதிரிப் போத்தலை நிரப்பும்போது குழாயை அடிவரை இறக்கி, நீர் வழிந்தோடும்படி நிரப்பி, மூடியின் கீழ் ஒரு குமிழி கூட இல்லாதபடி அடைக்கச் சொல்லுங்கள். சூடான மாதிரி ஆறும்போது சுருங்கி, தளர்ந்த மூடியினூடாக வளியை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகையால் விங்க்லர் முறைக்கான மங்கனீசுச் சல்பேற்றையும் கார அயடைட்டையும் அந்த இடத்திலேயே, சூடு ஆறுவதற்கு முன் சேர்த்துவிட வேண்டும்.